சாம்பல் நிற மண்

ஆகஸ்ட் மாதத்தில் மனை பார்க்கப் போகிறவருக்கு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தாழ்நிலங்கள் பல வீடு கட்டத் தோதானவையாகவே தோன்றும். செம்மேப்பிள் மரங்களின் நிழல், காலடியில் காய்ந்த சருகு, ஈரத்தின் சுவடே இருக்காது. பனி உருகும் மார்ச் மாதத்தில் அங்கேயே தண்ணீர் தேங்கி நிற்கலாம். அப்படியானால் அது சதுப்பா, மனையா?

இதற்குப் பதில் சொல்லும் பொறுப்பை அந்த மாநிலம் ஊர்க்காரர்களிடமே கொடுத்திருக்கிறது. 1957-ல் வந்த ஒரு சட்டத்தின் வழியே உருவான இயற்கைப் பாதுகாப்புக் குழு இன்று அங்குள்ள 351 ஊர்களிலும் நகரங்களிலும் இருக்கிறது. மூன்று முதல் ஏழு பேர். பெரும்பாலும் சம்பளமில்லாத சேவை. சதுப்பின் விளிம்பிலிருந்து 100 அடிக்குள் வீடு கட்ட, மண் கொட்ட, பள்ளம் தோண்ட நினைப்பவர் முதலில் இவர்களிடம் மனு கொடுக்க வேண்டும். மனு வந்த 21 நாளுக்குள் பொது விசாரணை தொடங்க வேண்டும். அக்கம்பக்கத்து மனைக்காரர்களுக்கும் தகவல் போக வேண்டும்.

விளிம்பு எங்கே என்பதில்தான் சண்டையே. முதலில் செடிகளைப் பார்க்கிறார்கள்: அங்கே வளர்பவற்றில் பாதியோ அதற்கு மேலோ ஈரம் விரும்பும் இனங்களா? ஆனால் செடியை வெட்டிவிடலாம். மண்ணை அப்படி மறைக்க முடியாது. கையால் திருகி இறக்கும் துரப்பணத்தால் ஓரிரு அடி ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறார்கள்.

காற்றோட்டமுள்ள மண் பழுப்பாக இருப்பதற்குக் காரணம் இரும்பு. ஆணியில் ஏறும் துருவும் மண்ணின் செம்பழுப்பும் உறவுக்காரர்கள். தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கினால் மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. பிறகு அவை மூச்சுக்கு இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. அப்போது துரு, நீரில் கரையும் இரும்பாக மாறி மெல்ல வடிந்துபோகிறது. எஞ்சுவது சாம்பல் நிறம். வேர் ஓடிய தடத்தில் மட்டும் காற்று நுழைந்து, அங்கங்கே ஆரஞ்சுப் புள்ளிகள் தெரியும். சில இடங்களில் அழுகிய முட்டை நாற்றமும் வரும்.

ஆண்டுக்கணக்கில் நனைந்து நனைந்து உண்டான இந்த நிறம் ஒரு கோடையில் மாறிவிடாது. எவ்வளவு சாம்பல் என்பதையும் கண் மதிப்பில் விட்டுவிடுவதில்லை. நிற அட்டைகள் அடங்கிய மன்செல் கையேட்டோடு ஒப்பிடுகிறார்கள். நிறங்களுக்கு எண் கொடுத்த அந்த முறையை வகுத்த ஆல்பர்ட் மன்செல், பாஸ்டனில் ஓவியம் கற்பித்த ஆசிரியர்!

ஒரு மனைக்காக இவ்வளவு பாடு எதற்கு? பாஸ்டன் வழியாக ஓடும் சார்லஸ் ஆற்றைப் பாருங்கள். அதன் வெள்ளத்தை அடக்க என்ன செய்யலாம் என்று ஆராய்ந்த ராணுவப் பொறியாளர் படை 1972-ல் சொன்ன யோசனை, மேல்பகுதிச் சதுப்புகளை அப்படியே விட்டுவிடுங்கள் என்பது. அவை வெள்ளத்தை உறிஞ்சி வைத்து, நாள்கணக்கில் மெதுவாக விடுகின்றன. புதிய வெள்ளத்தடுப்புக் கட்டுமானத்துக்கு ஆகியிருக்கும் செலவில் சுமார் பத்தில் ஒரு பங்கில், ஏறத்தாழ 8,100 ஏக்கர் சதுப்பு பாதுகாக்கப்பட்டது. அவ்வளவு பெரிய பரப்பும் ஒரே நாளில் அழியாது. ஒரு வீடு, ஒரு வண்டிப்பாதை, ஒரு லாரி மண் என்றுதான் அழியும்.

குழு எல்லா மனுவையும் தள்ளுவதில்லை. வீட்டை மேட்டுப் பக்கம் நகர்த்தச் சொல்லும். மண் கரைந்து ஓடாமல் தடுப்பு போடச் சொல்லும். 5,000 சதுர அடிக்குள் சதுப்பை நிரப்ப அனுமதித்தால், அதே அளவு சதுப்பை வேறிடத்தில் உருவாக்கக் கேட்கும். இந்தக் கடைசி ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை குறைவு. பள்ளம் தோண்டிச் செடி நடலாம். அந்தச் சாம்பல் மண்ணை எந்த ஒப்பந்ததாரர் கொண்டுவருவார்?

மாநில விதிகள் இப்படியிருக்க, நாடு முழுவதற்குமான சட்டத்தின் பிடி தளர்ந்திருக்கிறது. இடாஹோ மாநிலத்து வீட்டுமனை வழக்கு ஒன்றில் 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: நிலையான நீர்நிலையோடு மேற்பரப்பில் தொடர்ந்து இணைந்திருக்கும் சதுப்புகளுக்கு மட்டுமே கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பு. வசந்தத்தில் மட்டும் நிறையும் தனிக் குட்டைகள் இதில் அடங்காது. காட்டுத் தவளையும் புள்ளி சாலமாண்டரும் முட்டையிடுவது அவற்றில்தான். மீன் இல்லாததால் முட்டைகள் பிழைக்கின்றன. மாசசூசெட்ஸில் பல ஊர்கள் தங்கள் சொந்த விதிகளில் இந்தக் குட்டைகளையும் முன்பே சேர்த்திருக்கின்றன. அங்கே மனு வந்தால், குழுவினர் இன்றும் துரப்பணத்தோடு போய் மண்ணைப் பார்க்கிறார்கள்.