படைக்கலமும் வரலாற்றுச் சான்றும்

பழம்படைக்கலங்களைத் திரட்டுவோர் மேனாடுகளில் பலர் உளர். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வழங்கிய ரிவால்வர் எனும் சுழல்துப்பாக்கியை அவர்கள் பெரிதும் நாடுவர். வடபுலத்துக் கோல்ட் தொழிற்சாலை, 1860ஆம் ஆண்டுப் படைத்துறை வகையில் மட்டும் ஏறத்தாழ 2,00,000 துப்பாக்கிகளைச் செய்தது. தென்புலத்து ஜார்ஜியாவில் கிரிஸ்வால்டு தொழிற்சாலை செய்தவையோ ஏறத்தாழ 3,700 தாம். எஃகு கிடைக்காமையால் அவற்றின் உடற்சட்டத்தைப் பித்தளையால் வார்த்தனர். 1864 நவம்பரில் அத்தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. வறுமையிற் பிறந்த அப்பித்தளைத் துப்பாக்கியே இன்று அரும்பொருள். அரியதாகவே போலிகளும் பெருகின. குழல், சட்டம், சுழலுருளை ஆகியவற்றிற் பொறித்த எண்கள் தம்முள் ஒத்துள்ளனவா என்று ஆராய்ந்தே மெய்யைத் தெளிவர்.

“இதனால் நமக்கு ஆவதென்ன?” எனச் சிலர் வினவலாம். அப்போர் முடிந்த இரண்டாம் ஆண்டில் இந்நாட்டிலும் ஓர் உள்நாட்டுப் போர் மூண்டது. 1867இல் தொடங்கிய சிலாங்கூர்ப் போரே அது. கிள்ளான் ஆற்றுவழி வந்த ஈயத்தின் வரியை ஆள்வது யார் என்பதே பூசல். ராஜா அப்துல்லா ஒருபுறமும் ராஜா மஹாடி மறுபுறமும் நின்றனர். 1868இல் சுல்தான் அப்துல் சமாது, தம் மருகராகிய கெடா இளவரசர் துங்கு குடினைத் தம் பேராளராக அமர்த்தினார். ஆகவே, கெடா மக்களுக்கு அப்போர் அயலார் கதையன்று.

அக்காலத்துப் படைக்கலம் ஒன்றைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கோலா கெத்திலிலிருந்து சுங்கை பட்டாணி, பட்டர்வொர்த் வழியே பினாங்கை அடைந்து கார்ன்வாலிஸ் கோட்டைக்குச் சென்றால், ‘ஸ்ரீ ரம்பாய்’ என்னும் வெண்கலப் பீரங்கியைக் காணலாம்.

இதனை 1603இல் வார்த்தவர் யான் புர்கர்ஹூயிஸ் என்னும் டச்சுக்காரர். டச்சுக்காரர் இதனை ஜொகூர் சுல்தானுக்கு அளித்தனர். 1613இல் ஜொகூரைத் தாக்கிய அச்சே படை இதனைக் கைப்பற்றியது. 1795இல் சிலாங்கூருக்கு வந்தது. 1871இல் கோலா சிலாங்கூரைத் தாக்கிய ஆங்கிலேயர் இதனைப் பினாங்குக்குக் கொணர்ந்தனர்.

இவ்வரலாற்றை நாம் எவ்வாறு அறிகிறோம்? வார்த்த காலத்துக் குறிகள் அதன் பிறப்பைக் கூறுகின்றன. வெள்ளி பதித்த பொறிப்பு அச்சேயின் வெற்றியைக் கூறுகிறது. பிற்காலச் செய்திகளை எழுத்தாவணங்கள் தருகின்றன. இவற்றிற்கு அப்பால் ஒரு செவிவழிக் கதையும் உண்டு. கடலில் ஆழ்ந்து கிடந்த பீரங்கி எவர்க்கும் அசைந்து கொடுக்கவில்லையாம்; துங்கு குடின் கயிறு கட்டி ஆணையிட்டதும் மிதந்து எழுந்ததாம். மகப்பேறு வேண்டிப் பெண்டிர் அதன் வாயில் மலர் வைத்த வழக்கமும் உண்டு.

பொறிப்பு, ஆவணம், செவிவழிச் செய்தி ஆகிய மூன்றையும் மாணவர்க்குப் பிரித்துக் காட்டல் வேண்டும். வெண்கலம் மிதந்தது என்பது நடந்த நிகழ்ச்சியன்று. ஆயினும், அப்பீரங்கியை மக்கள் உயிருடைய பொருளாகவே மதித்தனர் என்பதும், கெடா இளவரசர்க்கு அவர்கள் அளித்த பெருமை எத்தகையது என்பதும் அக்கதையால் விளங்கும்.

எழுத்தில்லாப் பொருளும் பேசும். தஞ்சைப் பீரங்கிமேட்டிலுள்ள நாயக்கர் காலப் பீரங்கி வார்க்கப்பட்டதன்று. இரும்பைக் காய்ச்சி அடித்து இணைத்துச் செய்யப்பட்டது. அதன் பட்டைகளும் வளையங்களுமே கொல்லரின் தொழில்முறைக்குச் சான்று.

இச்சான்றுகளை அழிப்பது பகைவர் மட்டுமல்லர். தோட்டத்து மண்ணிலோ ஆற்றங்கரையிலோ பழங்குழல் ஒன்று அகப்பட்டால், பளபளக்கும்வரை தேய்ப்பாரும் உண்டு. பழைய இரும்பென எடைக்குப் போடுவாரும் உண்டு. தேய்த்தவர் எழுத்தை இழக்கிறார்; விற்றவர் பொருளையே இழக்கிறார். எடுத்த இடத்தைக் குறித்துவைக்காதவரோ அதன் வரலாற்றையே இழக்கிறார்.

வீட்டில் வைத்துக்கொள்வதும் தகாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டுமென்கிறது. மரபுடைமை எனக் கருதத்தகும் பொருளைக் கண்டெடுத்தவர் உரிய ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ அறிவித்தல் வேண்டுமென 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் விதிக்கிறது. பழந்துப்பாக்கியினுள் மருந்து எஞ்சியிருத்தலுங் கூடும். ஆதலின், கிடந்தவாறே விட்டுக் காவல்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

மாணவர் திரட்டத்தக்கது படைக்கலமன்று, அதுபற்றிய செய்தியே. கண்ட இடம், நாள், அளவு, குறி, முதியோர் கூறும் கதை ஆகியவற்றை ஓர் ஏட்டில் எழுதச் செய்தல் எப்பள்ளிக்கும் இயலும். இரும்பு துருப்பிடிக்கும், ஏட்டில் எழுதிய செய்தி அடுத்த தலைமுறைக்குச் சான்றாக நிற்கும்.