கட்டாக்காலிக்கு ஒரு வீடு

மலையகத் தோட்டங்களில் நாய் இல்லாத லயம் (தொழிலாளர் வரிசை வீடு) அரிது. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) படுத்திருக்கும், கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பின்னாலேயே மலைக்கு ஓடும், இரவில் மரக்கறித் தோட்டத்துக்குள் பன்றி இறங்கினால் குரைத்து எல்லோரையும் எழுப்பும். அதற்குச் சோறு போடுகிறவர் இன்னார் என்று ஒருவரைக் காட்ட முடியாது, நாலு வீட்டார் போடுவார்கள். பூனாகலை, கொஸ்லாந்தை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டப் பிரிவுகளில் இப்படிப் பாதி வளர்ப்பாகவும் பாதி சுதந்திரமாகவும் வாழும் நாய்கள் பல. இவற்றையும் எவருக்கும் சொந்தமில்லாதவற்றையும் சேர்த்துக் கட்டாக்காலி நாய்கள் என்றே இலங்கையில் சொல்கிறார்கள்.

கைவிடப்பட்ட நாயின் நிலை இவற்றிலிருந்து வேறுபட்டது. வெளியில் பிறந்து வளர்ந்த நாய்க்கு எங்கே தின்னக் கிடைக்கும், எந்த வளைவில் பஸ் வேகமாக வரும் என்பதெல்லாம் பழக்கம். ஒரு வீட்டை நம்பி வளர்ந்து, பிறகு அந்த வீட்டை இழந்த நாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை. மற்ற நாய்களின் எல்லைக்குள் போய்க் கடிபடும், பட்டினி கிடக்கும், சொறி பிடிக்கும். மலைத் தோட்டங்களில் சிறுத்தையும் உண்டு. நாய் அதற்கு எளிதில் அகப்படும் இரை. பன்றிக்காகக் கட்டும் கம்பிச் சுருக்கிலும் நாய்கள் மாட்டுகின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சிக்கி, பின்னர் இறந்துபோனதும் இத்தகைய சுருக்கில்தான்.

கைவிடப்படுவதற்கு முதற்காரணம் பெட்டைக் குட்டிகள். நாயின் கர்ப்பகாலம் சுமார் 63 நாள். ஆண்டில் இரண்டு முறைகூட ஈனும். கடுவன் குட்டியைக் கேட்டு ஆள் வரும், பெட்டைக் குட்டியைக் கேட்டு வருவது குறைவு. கண் திறந்ததும் திறக்காததுமாக அவற்றைச் சாக்கிலோ பெட்டியிலோ போட்டுச் சந்தையடியிலும், விகாரை வாசலிலும், அடுத்த தோட்டத்து எல்லையிலும் வைத்துவிட்டு வருவது நாடு முழுவதும் நடக்கிறது. குடும்பம் வேலை தேடிக் கொழும்புக்குப் போவதும், 2022இன் பொருளாதார நெருக்கடியைப் போன்ற காலங்களும் இதைக் கூட்டுகின்றன.

ஊவாவின் மலைச்சரிவுகளில் இன்னொரு காரணமும் உண்டு: மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தையின் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்தன. 2023 மார்ச்சில் பூனாகலையின் கபரகலைப் பிரிவில் மண் சரிந்து குடும்பங்கள் வீடிழந்தன. ஆட்களுக்கே இடம் போதாத தற்காலிக முகாமுக்கு நாயையும் கூட்டிப்போவது எளிதல்ல. அப்படி விட்டுவிட்டுப் போக நேர்ந்தவர்களை நாயைக் கைவிட்டவர்கள் என்று பேசுவது கொடுமை.

அரசு நீண்டகாலம் கட்டாக்காலி நாய்களைக் கொல்லும் வழியிலேயே கையாண்டது. அதற்கு அதிகாரம் தந்தது 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம். விசர்நோய்ப் பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1973இல் இலங்கையில் விசர்நாய்க்கடியால் இறந்தவர்கள் 377 பேர். 1970களின் நடுப்பகுதியில் தொடங்கிய பரவலான தடுப்பூசித் திட்டமே அந்த எண்ணிக்கையைக் குறைத்தது. அண்மைக் காலத்தில் ஆண்டுக்குச் சில பத்துப் பேர் அளவில் நிற்கிறது. நாய்களைக் கொன்று நோயை ஒழிக்க முடியவில்லை. ஓரிடத்து நாய்களை அகற்றினால், அங்குள்ள குப்பைக்கும் எச்சிற் சோற்றுக்கும் தடுப்பூசி போடாத புது நாய்கள் வந்து சேரும். 2006இல் கொல்லும் கொள்கை கைவிடப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் அரச வழியாயின.

கொழும்பு மாநகர சபை, புளூ பா டிரஸ்ட் என்னும் மிருக வைத்தியர்களின் அமைப்புடன் சேர்ந்து 2007இல் இவ்வழியைத் தொடங்கியது. 2001இல் மாநகர எல்லைக்குள் 43 நாய்களில் விசர்நோய் பதிவானது. 2011இல் அது 2 ஆகியது. நோயுள்ள ஊரில் நாய்க்குப் புது வீடு கிடைப்பது கடினம். பயம் போன பிறகுதான் மனிதர் கை நீட்டுவர்.

கொல்வது நின்றதும், உயிரோடு இருக்கும் நாய்களை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. அதற்குத் தோள் கொடுத்தவர்கள் தொண்டர்கள். ஒட்டாரா குணவர்தன 2007இல் தொடங்கிய எம்பார்க் அமைப்பு, தெருவில் மீட்ட குட்டிகளுக்கு ஊசி போட்டு, வீடு தேடித் தரும் நாட்களை நடத்தியது. விலை கொடுத்து வாங்கும் சாதி நாய்தான் நாய் என்றிருந்த நகரத்தில் ஊர் நாய்க்கும் ஒரு மதிப்பு ஏற்பட அது உதவியது. நீர்கொழும்பில் சமந்தா கிரீன் தொடங்கிய டாக்ஸ்டார் நடமாடும் சிகிச்சை முகாம்களை நடத்துகிறது. தெற்குக் கரையில் கிம் கூலிங் நிறுவிய அனிமல் எஸ்ஓஎஸ் காப்பகம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைப் பராமரிக்கிறது. வடக்கில், யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவுக்குப் போகும் வழியில் இயக்கச்சியில், ஆறு திருமுருகன் தலைமையிலான சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கெனச் சரணாலயம் அமைத்தது. முதியோரையும் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் பராமரிக்கும் அதே அறக்கட்டளை, நாயையும் ஆதரவற்றோர் வரிசையில் வைத்தது பெரிய காரியம்.

இவர்களுக்குப் பின்னால் பெயர்ப்பலகை இல்லாத தொண்டர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வேலையின் அருமை அதைக் கிட்ட இருந்து பார்த்தால்தான் விளங்கும். சொறி பிடித்து மயிர் உதிர்ந்த குட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூப்பிட்டால் அது வராது. கருவாடு பிசைந்த சோற்றை ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டப் போய் உட்கார வேண்டும். பிடிபட்டதும் குளிப்பாட்டத் தோன்றும். ஆனால் மெலிந்த குட்டியை மலைக் குளிரில் நனைத்தால் சளி பிடித்துச் சாகக்கூடும். முதலில் சாக்கு விரித்த பெட்டியும் வெதுவெதுப்பும், கொஞ்சம் கொஞ்சமாக உணவும் வேண்டும். பிறகு பூச்சி மருந்து, சொறிக்கு மருந்து. வீட்டு நாய்களோடு உடனே விடக்கூடாது. குடல் நோயான பார்வோ ஒரு குட்டியிலிருந்து எல்லாவற்றுக்கும் பரவிவிடும். தோல் தேறி மயிர் முளைக்கப் பல வாரங்கள் ஆகும். பண்டாரவளைக்கு மருத்துவரிடம் கொண்டுபோக ஆட்டோக்காரர் சம்மதிக்க வேண்டும். ஆட்டோக் கூலி, மருந்து, சோறு எல்லாம் பெரும்பாலும் சொந்தக் காசு.

புது வீடு பார்ப்பதுதான் இதைவிடக் கடினம். ஆசைப்பட்டுக் கேட்கிறவருக்கெல்லாம் கொடுத்தால் சில மாதத்தில் குட்டி மீண்டும் தெருவில் நிற்கும். அனுபவப்பட்டவர்கள் சில கேள்விகளை விடாமல் கேட்பார்கள். பிரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு)ப் போனால் பகலில் யார் சோறு வைப்பது? இரவில் உள்ளேயா வெளியேயா? சிறுத்தை நடமாட்டம் உள்ள பிரிவில் இந்தக் கேள்வி உயிர் பற்றியது. நாள் முழுவதும் சங்கிலியில் கட்டுவீர்களா? அடுத்த காம்பராக்காரருக்குச் சம்மதமா? லயத்தில் சுவர் ஒன்றுதான். பக்கத்து வீட்டார் வெறுத்தால் நாய் நிலைக்காது. பெட்டை என்றால், கருத்தடை செய்து தருவது, அல்லது நாள் குறித்துச் சொல்லிவிட்டு அன்று வாங்கிக்கொண்டு போய்ச் செய்துவருவது வழக்கம். கொடுத்த பிறகும் போய்ப் பார்ப்பார்கள். குட்டி மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை பழகும் மனிதர்களையும் சத்தங்களையும் ஆயுள் முழுக்க நம்பும் என்பதால், அந்த வயதுக்குள் வீடு கிடைப்பது நல்லது. வளர்ந்த நாயும் புது வீட்டில் ஒட்டும், பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும்.

எல்லா நாய்க்கும் வீடு கிடைக்காது. மிஞ்சியவற்றைப் பிடித்து, கருத்தடை செய்து, விசர்நாய்க்கடி ஊசி போட்டு, அடையாளத்துக்குக் காது நுனியில் சிறு வெட்டு இட்டு, பிடித்த இடத்திலேயே விடுகிறார்கள். ஓரிடத்து நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் நோய் பரவுவது தடைப்படும் என்பது உலக சுகாதார அமைப்பின் கணிப்பு. தேயிலை மலையில் இதைச் செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டின் நீலகிரி உதாரணம்: உலகளாவிய மிருக வைத்திய சேவை என்ற அமைப்பு அங்கே பயிற்சி நிலையம் நடத்தி, இளம் மிருக வைத்தியர்களைக் கொண்டே பெருமளவில் கருத்தடை செய்கிறது. இவ்வழிக்கு அங்கே முன்னோடி, கேப்டன் வி. சுந்தரம் 1959இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ். அது 1960களிலேயே சொன்ன யோசனையை மாநகராட்சி ஏற்க 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைப்பட்ட காலம் முழுவதும் தொண்டர்கள் சோர்ந்துவிடவில்லை.

நேபாளத்தில் தீபாவளியை ஒட்டிய குக்குர் திகார் நாளில் நாய்க்கு மாலை போட்டுப் பொட்டு வைத்து வணங்குகிறார்கள். நாயைக் காப்பாற்றுகிற மனிதருக்கு நம்மிடையே கிடைப்பது பெரும்பாலும் அக்கம்பக்கத்தின் முறைப்பு. "பிள்ளைகளுக்கே சோறில்லை, நாய்க்கென்ன" என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆனால் லயத்தில் ஊசி போட்ட நாய் சுற்றினால், அது அந்தப் பிள்ளைகளின் உயிருக்குத்தான் காவல். ஆகவே இவர்களை மதிப்பதற்குப் பொன்னாடை போதாது. கொழுந்து நிறுக்காத ஞாயிற்றுக்கிழமையில் கருத்தடை முகாமுக்குத் தோட்ட நிர்வாகம் கொழுந்து மடுவத்தைத் திறந்துவிடலாம். பிரதேச சபை வண்டி கொடுக்கலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தடுப்பூசி நாளை ஒவ்வொரு பிரிவிலும் முன்கூட்டியே அறிவிக்கலாம். நாய் பிடிக்கிறவர்களுக்குக் கடிபடும் முன்பே போடும் காப்பு ஊசி கிடைக்கச் செய்யலாம். கடிபட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் அரச ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது தொண்டருக்கும் மற்றவருக்கும் பொது.

சட்டமும் பின்தங்கியே வந்திருக்கிறது. 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம் கொடுமைக்கு விதித்த அபராதத்தின் உச்சம் 100 ரூபாய். அதற்குப் பதிலாகச் சட்ட ஆணைக்குழு 2006இல் விலங்கு நலச் சட்ட வரைவொன்றைத் தயாரித்தது. அதைச் சட்டமாக்கக் கோரிப் பல்லாண்டுகளாகக் கையெழுத்துத் திரட்டியவர்களும் நீதிமன்றப் படி ஏறியவர்களும் இதே தொண்டர்கள்தான்.