உஷார்! துப்பாக்கியோடு கேமரா முன் நிற்கும் தம்பிகளே!

கொஞ்சம் நில்லுங்கள். ரெக்கார்ட் பொத்தானை அழுத்துமுன் இதைப் படித்துவிடுங்கள்.

அமெரிக்கா வந்து ஆறு மாதம் ஆவதற்குள் நம் பிள்ளைகளுக்கு ஓர் ஆசை முளைத்துவிடுகிறது. ஊரில் போலீஸ்காரர் தோளில் மட்டுமே பார்த்த துப்பாக்கி, இங்கே தூண்டில் விற்கும் கடையில் பக்கத்து அலமாரியிலேயே விலைச்சீட்டோடு இருக்கிறது. சனிக்கிழமை நாலு பேர் சேர்ந்து ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போகிறார்கள். ஒருவன் சுடுகிறான், இன்னொருவன் போனில் எடுக்கிறான். சாயங்காலம் பிரியாணிக்கு நடுவில் யோசனை உதிக்கிறது. "மச்சி, போன் ரிவ்யூ மாதிரி துப்பாக்கி ரிவ்யூ, ஸ்கோப் ரிவ்யூ தமிழ்ல போட்டா செமயா ஓடும்டா!"

ஓடும்தான். உங்களை எங்கே கொண்டுபோய் விடும் என்பதுதான் என் கவலை.

நான் டெக்சாஸில் பதினெட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள். துப்பாக்கி என்றாலே அலறுகிறவள் என்று நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டுத் தாத்தா வேட்டைக்காரர். துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் முதல் வேலையாக உள்ளே தோட்டா இருக்கிறதா என்று திறந்து பார்ப்பார். நேற்று ராத்திரி தானே காலி செய்து வைத்ததாக இருந்தாலும் பார்ப்பார். பயம் தெரிந்த கை அது. கேமரா ஓட ஆரம்பித்ததும் கைக்கு அந்தப் பயம் மறந்துபோகிறது.

முதல் அபாயம் தோட்டாவில் இல்லை. உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கிறது!

எஃப்1, எச்1பி, எச்4, சுற்றுலா விசா என்று குடியேற்றம் அல்லாத எந்த விசாவில் வந்திருந்தாலும் சரி, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது இங்கே மத்தியச் சட்டப்படி குற்றம். சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடித்தாலும் வைத்திருந்ததாகவே கணக்கு. 2022 முதல் அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அதை வழக்கறிஞர் வாயால் கேளுங்கள். ரேஞ்ச் கவுண்டரில் நிற்கும் பையன் "நோ ப்ராப்ளம்" என்று சொன்னதை நம்பாதீர்கள். ஜெயிலுக்குப் போகப் போவது அவன் இல்லை.

ஒரு மாணவனுக்கு என்ன நடந்தது தெரியுமா?

வளைகுடா நாட்டிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு எஃப்1 விசாவில் படிக்க வந்த பையன். மதிப்பெண் போதாமல் கல்லூரி அவனை நீக்கியது. வேறு கல்லூரியில் சேராவிட்டால் விசா தகுதி போய்விடும் என்று மின்னஞ்சலும் வந்தது. அவன் ஊருக்குத் திரும்பவில்லை. 2015 டிசம்பரில் ஒருநாள் ரேஞ்சுக்குப் போய், வாடகைக்குத் துப்பாக்கி எடுத்துச் சுட்டுவிட்டு வந்தான். அவ்வளவுதான். விசாரணை, வழக்கு, 18 மாதச் சிறைத் தண்டனை. விசா தகுதி போனது அவனுக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபித்திருக்க வேண்டும் என்று சொல்லி, 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஒதுக்கிவைத்தது. மூன்றரை வருஷம் கழித்து! அதற்குள் ஒரு இளைஞனின் வாழ்க்கையில் என்னவெல்லாம் போயிருக்கும்?

அவன் சேனல் நடத்தவில்லை. நீங்கள் முகத்தைக் காட்டி, பெயரைச் சொல்லி, தேதி போட்டு, உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே எடிட் செய்து, பின்னணி இசை சேர்த்து ஏற்றுகிறீர்கள். போதாததற்கு விளம்பர வருமானம் வேறு. மாணவ விசாவில் அனுமதி இல்லாத சம்பாத்தியம் என்று அது தனி வில்லங்கம்.

ஊரிலிருந்து பேரன் முகம் பார்க்க வந்த அப்பாவை ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் "ஒரே ஒரு ரவுண்டு சுடுங்கப்பா" என்கிறவர்களும் இருக்கிறார்கள். ஐயோ, வேண்டாம்!

"எனக்குத்தான் கிரீன் கார்டு வந்துவிட்டதே" என்கிறீர்களா? சட்டப்படி வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை விழுந்தால் கிரீன் கார்டு உள்ளவரையும் நாடு கடத்தலாம். அது ஒருபுறம் இருக்கட்டும். துப்பாக்கிக்கு உங்கள் விசா தெரியாது. அது வெடிக்கும்.

கென்டக்கியில் ஒருவர். வருஷக்கணக்காகத் துப்பாக்கி வீடியோ போடுகிறவர், கத்துக்குட்டி இல்லை. 2021 ஏப்ரலில் 50 காலிபர் ரைபிளைச் சுட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அரை அங்குல விட்டமுள்ள குண்டு அதற்கு. தோட்டா போடும் பின்பக்கத்துக்குத் திருகி மூடுகிற மூடி. கவசத்தைத் துளைக்கும் வகைத் தோட்டாக்களைப் போட்டார். முதலில் போனவை ஒழுங்காகத்தான் போயின. ஒன்று மட்டும் பின்னால் வெடித்தது. மூடி பிய்த்துக்கொண்டு முகத்துக்கே வந்தது. கண்குழி எலும்பில் மூன்று இடத்தில் முறிவு. மூக்கு உடைந்தது. கழுத்து ரத்தக்குழாய் கிழிந்தது. நுரையீரலில் ஓட்டை. கழுத்தில் பீறிட்ட ரத்தத்தைத் தன் கட்டைவிரலாலேயே அடைத்துக்கொண்டார். கூட இருந்த அப்பா வண்டியில் போட்டுக்கொண்டு பறந்தார். மனிதர் பிழைத்தது புண்ணியம்.

அப்பா கூட இருந்தார். உங்கள் கூட யார் இருப்பார்கள்? போனைப் பிடித்திருக்கும் ரூம்மேட்!

அதனால் இந்த அறிகுறிகளை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

'டமார்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'டப்' என்று மெலிந்த சத்தமா? நிறுத்துங்கள்! குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். அதன் பின்னாலேயே அடுத்ததைச் சுட்டால் குழல் கையிலேயே வெடிக்கும். "கன்டென்ட் கிடைச்சுதுடா" என்று சிரிக்கிற நேரம் இல்லை அது.

ட்ரிகரை இழுத்தும் வெடிக்கவில்லையா? திருப்பி முகத்துக்கு நேரே பார்க்காதீர்கள்! தாமதித்து வெடிப்பதும் உண்டு. குழல் இலக்கையே பார்க்கட்டும். குறைந்தது 30 விநாடி அசையாமல் காத்திருங்கள்.

யாரோ வீட்டில் மருந்து நிரப்பிய தோட்டா, வயசு தெரியாத பழைய தோட்டா, "அபூர்வமானது, வீடியோவுக்கு நல்லா இருக்கும்" என்று கையில் திணிக்கப்படும் தோட்டா. மூன்றும் வேண்டாம்.

துப்பாக்கியின் மேல் மாட்டும் குறிநோக்கியான ஸ்கோப்பை ரிவ்யூ செய்யும் ஆசாமிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் பொதுவாக மூன்று, நான்கு அங்குல இடைவெளி வேண்டும். கேமராவுக்குப் படம் தெளிவாக விழட்டும் என்று முகத்தை ஒட்டிவைத்துச் சுட்டால், ரைபிள் உதைக்கிற உதையில் விளிம்பு புருவத்தைப் பிறை வடிவில் வெட்டிவிடும். இதைவிடப் பெரிய மடத்தனம் ஒன்று இருக்கிறது. ஜூம் எவ்வளவு இழுக்கிறது என்று காட்ட, ரைபிளில் மாட்டிய ஸ்கோப்பை எதிர்வீட்டு வாசலை நோக்கித் திருப்புவது. ஸ்கோப் பார்க்கும் இடத்தைத்தான் குழலும் பார்க்கிறது! ஸ்கோப்பைக் கழற்றி, முக்காலியில் மாட்டிக் காட்டுங்கள். ஸ்கோப் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. ஒரு கணத்தில் கண் போய்விடும்.

சுடுகிறவருக்கு முன்னால் கேமரா வைக்கப் போகும் நண்பன், இலக்காக வைத்த, குழிவிழுந்த இரும்புத் தகட்டுக்குப் பக்கத்தில் நின்று க்ளோசப் எடுக்கிறவன், காதில் ஒன்றும் மாட்டாதவன். மூவரில் ஒருவன் இருந்தாலும் அன்று சுடாதீர்கள். துப்பாக்கிச் சத்தம் பெரும்பாலும் 140 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடியில் போகிற செவி திரும்பி வராது. வீட்டில் குழந்தை இருந்தால், ஈயத்தூள் படிந்த சட்டையோடு தூக்காதீர்கள். கையைக் கழுவி, உடையை மாற்றிவிட்டுத் தூக்குங்கள்.

யூடியூபும் உங்களைக் காப்பாற்றாது. துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி நேரலை செய்ய அங்கே தடை. விற்பனைக்கு இணைப்புக் கொடுக்கத் தடை. 2024 ஜூன் முதல், பாதுகாப்பு அமைப்பைக் கழற்றிக் காட்டவும் தடை. 90 நாளில் மூன்று விதிமீறல் ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போச்சு.

ஊருக்குப் போகும்போது "மாமா பையன் கேட்டான்" என்று ஸ்கோப்பைப் பெட்டியில் போடுகிறவர்களே, துப்பாக்கி ஸ்கோப்புகள் அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் வருகின்றன. இரவில் பார்க்கும் கருவி என்றால் விதி இன்னும் கடுமை. அந்தப் பொட்டலத்தை யாருக்காகவும் சுமக்காதீர்கள்.

விசாவில் இருந்துகொண்டு ஏற்கெனவே இப்படி வீடியோ போட்டுவிட்டீர்களா? பதறிப்போய் எதையும் அழிக்காதீர்கள், யாரிடமும் விளக்கம் சொல்லாதீர்கள். திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகக் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். இந்தச் சனிக்கிழமைக்கு ரேஞ்சில் இடம் பிடித்திருந்தால் இப்போதே ரத்து செய்யுங்கள் தம்பிகளா. நாலு பேரும் பௌலிங் போங்கள்.