வளையல் துண்டுகளின் தோட்டம்

ஆலைகள் நிறைந்த அரியலூரில் சிமெண்டு என்றால் கட்டடமே நினைவுக்கு வரும். அச்சிமெண்டில் உடைந்த வளையல்களைப் பதித்துச் சிலைகள் வடித்தவர் நேக் சந்த். நாட்டுப் பிரிவினையால் ஊரிழந்த அவர், சண்டிகரில் பொதுப்பணித்துறைச் சாலை ஆய்வாளர். பகலில் அரசுப்பணி, 1957 முதல் இரவுகளில் காட்டுக்குள் சிற்பப்பணி. புதுநகருக்காக இடிக்கப்பட்ட ஊர்களின் ஓடுகளையும் பீங்கான் சில்லுகளையும் மிதிவண்டியில் சுமந்து வந்தார். நிலமோ அரசுக்குரியது, சட்டம் அறிந்த அரசு ஊழியரே அதனை மீறினார் என்பதுதான் வியப்பு. 1975இல் அதிகாரிகள் கண்டறிந்தபோது இடிப்பு உறுதியென்றே தோன்றியது. ஆனால் மக்கள் ஆதரவு வென்றது. 1976இல் பாறைத்தோட்டம் திறக்கப்பட்டது. அவருக்கு ஊதியமும் ஐம்பது தொழிலாளர் துணையும் கிடைத்தன. இன்று செல்வோர் தாழ்ந்த வாயில்களில் குனிந்தே நுழைகின்றனர். அப்பால் நிற்கும் பெண் சிலைகளின் ஆடை முழுவதும் வளையல் துண்டுகள்.