காப்பி எந்திரத்தை மாற்றுவதற்கு முன்...
பாட்டி வீட்டுக் கை எந்திரத்தை நினைத்துப் பாருங்கள்!

அழகர்கோவிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். மலை மேலே, ராக்காயி அம்மன் கோவில் இருக்கும் இடத்தில், நூபுர கங்கைத் தீர்த்தம் விழுகிறது. குளித்துவிட்டு வருகிறவர்கள் வெறுங்கையோடு இறங்குவது இல்லை. பாட்டிலிலோ கேனிலோ தண்ணீர் பிடித்து வருவார்கள். கீழே கள்ளழகருக்கு அபிஷேகமும் அந்தத் தண்ணீரில்தான்.

தண்ணீருக்குத் தண்ணீர் வித்தியாசம் உண்டு என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை.

ஆனால் அதே மதுரைப் பக்கத்தில் வீட்டுக்கு எஸ்பிரஸோ காப்பி எந்திரம் வாங்கப் போகிறவர்கள், தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பது இல்லை. "எத்தனை பார் அழுத்தம்?" என்றுதான் கடையில் கேட்கிறார்கள்.

முதலில் சின்ன எந்திரம் வருகிறது. விலை 10 ஆயிரம் ரூபாய்க்கு உள்ளே. கொஞ்ச நாள் வீடே அதைச் சுற்றி நிற்கிறது. பிறகு, "கடைக் காப்பி மாதிரி இல்லையே" என்ற பேச்சு எழுகிறது. "பெரிய எந்திரமாக வாங்கிவிடலாமா?" என்று மகன் கேட்கிறான். அதற்கு 50 ஆயிரம் ரூபாய் ஆகும். லட்சத்தைத் தாண்டியதும் உண்டு. அது ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு. அம்மா பேசாமல் பில்டரைக் கழுவுகிறாள்.

வாங்கலாமா, வேண்டாமா?

கலியாண வீட்டில் குடித்தது வேறு!

நம்மில் பலர் எஸ்பிரஸோ என்ற பெயரை முதலில் கேட்டது கலியாண வீட்டில்தான். பந்தி முடிந்து வெளியே வந்தால், "சர்ர்" என்று நீராவி சீறும். நுரை பொங்கும் கப்பில் மேலே சாக்லேட் தூள் தூவிக் கொடுப்பார்கள். குழந்தைகள் இரண்டு தடவை வாங்குவார்கள்.

அது பாலில் கரையும் காப்பித்தூளைப் போட்டு, நீராவியால் நுரைக்க வைத்தது. ருசியாகத்தான் இருக்கும். ஆனால் எஸ்பிரஸோ என்பது அது இல்லை.

நம் பில்டரில் வெந்நீர் தன் கனத்தால் மெல்ல இறங்குகிறது. சொட்டுச் சொட்டாக டிகாக்‌ஷன் விழுகிறது. எஸ்பிரஸோவில் வெந்நீரைத் தூளுக்குள் அழுத்தித் தள்ளுகிறார்கள். அரை மணி நேர வேலை அரை நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. வேறுபாடு இவ்வளவுதான்.

இத்தாலியர்கள் கண்ட வித்தை இது. டூரின் நகரில் மொரியோண்டோ என்பவர் 1884-ல் நீராவிக் காப்பி எந்திரத்துக்கு உரிமை பெற்றார். மிலான் நகரின் பெட்சேரா 1901-ல் ஒவ்வொரு கோப்பையாக இறக்கும் எந்திரத்துக்கு உரிமை பதிவு செய்தார். அவற்றில் நீராவிதான் தண்ணீரைத் தள்ளியது. அழுத்தம் குறைவு. காப்பியில் கருகல் வாடை.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கஜியா என்பவரின் எந்திரம் வந்தது. நீண்ட கைப்பிடியை இழுத்து, வில் சுருளின் பலத்தால் தண்ணீரைத் தள்ளினார்கள். காப்பியின் மேல் பொன்னிற நுரை படிந்தது அப்போதுதான். 1961-ல் பேமா கம்பெனி மின்சாரப் பம்பு வைத்த எந்திரத்தைக் கொண்டு வந்தது. கைப்பிடி இழுக்கும் வேலையும் போயிற்று.

300 அடி உயரத் தண்ணீர்

அந்தப் பம்பு கொடுத்த அழுத்தம் 9 பார். அது எவ்வளவு? 300 அடி உயரத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டி, அடியில் குழாயைத் திறந்தால் எவ்வளவு வேகம் இருக்குமோ அவ்வளவு. மீனாட்சி அம்மன் கோவில் தெற்குக் கோபுரத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம்!

இன்றும் நல்ல எஸ்பிரஸோவுக்கு அந்த 9 பார்தான் கணக்கு. தண்ணீரின் சூடு 90 முதல் 96 டிகிரி. 18 கிராம் தூள் போட்டால், 25 முதல் 30 விநாடிக்குள் சுமார் 36 கிராம் காப்பி இறங்க வேண்டும்.

அப்படியானால் சின்ன எந்திரத்தின் அட்டைப்பெட்டியில் "15 பார்", "20 பார்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே? அது பம்பின் உச்ச பலம். தூளில் அவ்வளவு அழுத்தம் வேண்டியது இல்லை. அந்த எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

நுரையைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. சின்ன எந்திரங்கள் பலவற்றில், தூள் போடும் சல்லடைக்கு இரண்டு அடுக்கு இருக்கும். அடி அடுக்கில் ஊசிமுனை போல ஒரே ஒரு துளை. எந்தத் தூளைப் போட்டாலும் அந்தத் துளை வழியே பீய்ச்சி நுரை வந்துவிடும். ஆறு மாதப் பழைய தூளிலும் வரும்!

பெரிய எந்திரத்தில் இந்தத் தந்திரம் இல்லை. ஒற்றை அடுக்குச் சல்லடை. அங்கே தண்ணீரை எதிர்த்து நிற்க வேண்டியது தூள்தான். இந்த இடத்தில்தான் பலருடைய பணம் வீணாகிறது. பெரிய எந்திரத்தை வாங்கி, கடையில் அரைத்த பில்டர் தூளைப் போடுகிறார்கள். அது எஸ்பிரஸோவுக்குக் கொரகொரப்பு. 10 விநாடியில் தண்ணீர் ஓடிவிடுகிறது. கோப்பையில் விழுவது புளித்த கழுநீர். "இதற்கா 50 ஆயிரம்?" என்று வீட்டில் சண்டை.

சிக்கரி கலந்த தூளும் ஆகாது. வெந்நீர் பட்டதும் பிசுபிசுத்துச் சல்லடையை அடைக்கப் பார்க்கும். சிக்கரி பில்டருக்கு நல்ல துணை. இங்கே அதற்கு வேலை இல்லை.

தேவைப்படுவது அரைவை

முன்பு பல வீடுகளில் மேஜை ஓரத்தில் திருகி மாட்டிய கை எந்திரம் இருந்தது. பாட்டி கொட்டையை வறுத்துவைப்பாள். காலையில் தேவைக்கு மட்டும் போட்டு, பேரனைக் கூப்பிட்டுச் சுற்றச் சொல்லுவாள். தெருவே மணக்கும். தூள் பாக்கெட்டில் வரத் தொடங்கியதும் கை எந்திரம் பரணுக்குப் போயிற்று.

எஸ்பிரஸோவுக்கு முதலில் வேண்டியது அதுதான். வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு அடைபட்டு இருக்கிறது. பொன்னிற நுரைக்குக் காரணம் அந்த வாயு. அரைத்ததும் அது வேகமாக வெளியேறிவிடும். வாசனையும் கூடவே போகும். ஆகவே வறுத்து ஒரு வாரம் முதல் ஒரு மாதத்துக்குள் உள்ள கொட்டையை, போடும் நேரத்தில் அரைக்க வேண்டும்.

"மிக்சியில் அரைக்கலாமே?" என்று கேட்கலாம். மிக்சி வெட்டும், சீராக அரைக்காது. பாதி மாவாகும், பாதி நொய்யாகும். மாவில் கசப்பும் நொய்யில் புளிப்பும் இறங்கும். அரைவையை ஒரு இம்மி முன்னே பின்னே மாற்றக்கூடிய எந்திரம் வேண்டும். கையால் சுற்றும் நல்லதொன்று சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. அதை வாங்கி, பழைய சின்ன எந்திரத்துக்கு ஒற்றை அடுக்குச் சல்லடை கிடைத்தால் போட்டுப் பாருங்கள். 50 ஆயிரம் ரூபாய்ப் பேச்சு பல வீடுகளில் அதோடு நின்றுவிடும் என்பது என் எண்ணம்.

கொட்டைக்கும் வெகுதூரம் போக வேண்டாம். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே உள்ள சிறுமலையிலும், தாண்டிக்குடிப் பக்கத்திலும் காப்பி விளைகிறது.

வெண்மைப் படிவம்

இப்போது தண்ணீருக்கு வருவோம். சமவெளியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தைப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். தண்ணீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து, சூடேறும்போது கல்லாகப் பிரிகிறது. பாத்திரத்தைத் தேய்த்துவிடலாம். எந்திரத்தின் உள்ளே உள்ள மெல்லிய குழாயை எப்படித் தேய்ப்பது? படிவம் ஏறினால் சூடு குறையும். பிறகு குழாய் அடைக்கும். பழுது பார்க்கக் கொடுத்தால் செலவு.

அதற்காகச் சுத்திகரிப்பு எந்திரத்தில் உப்பெல்லாம் உறிஞ்சிய தண்ணீரையே ஊற்றுவதும் சரி அல்ல. காப்பி சப்பென்று இருக்கும். கொதிகலன் உள்ள சில எந்திரங்களில், தண்ணீர் இருப்பதையே உள்ளே இருக்கும் கருவி உணராமல் போகும். மிதமான தண்ணீரே நல்லது. கம்பெனி சொல்லும் முறைப்படி அவ்வப்போது படிவத்தைக் கரைத்து எடுக்க வேண்டும்.

யாருக்குப் பெரிய எந்திரம்?

பெரிய எந்திரத்தால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. சின்னதில் சூடு ஏறி இறங்கும்; பெரியதில் நிலையாக நிற்கும். சின்னதில் காப்பி இறக்கிவிட்டு, பாலை நுரைக்க நீராவி வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு கொதிகலன் உள்ளதில் இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும். தினமும் நாலைந்து கப் இறக்கி, அரைவையும் கைக்கு வந்துவிட்டவர்கள் தாராளமாக வாங்கலாம். 1,000 வாட்டுக்கு மேல் மின்சாரம் இழுக்கும். எர்த் சரியாக உள்ள பெரிய பிளக்கில் மாட்ட வேண்டும்.

சித்திரைத் திருவிழா சமயத்தில் கதை வேறு. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க உறவினர்கள் வந்து இறங்கிவிடுவார்கள். காலையில் 12 பேருக்குக் காப்பி வேண்டும். எஸ்பிரஸோ எந்திரம் ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு கப்தான் தரும். ஒவ்வொரு தடவையும் அரை, அழுத்து, இறக்கு, தட்டு, துடை என்று வேலை. கடைசி ஆளுக்குக் கொடுப்பதற்குள் முதல் ஆள் கோரிப்பாளையத்தில் நிற்பார். அன்றைக்கு இரவே இரண்டு பெரிய பில்டரில் டிகாக்‌ஷன் போட்டு வைத்துவிடுங்கள்.