காதலும் ஆன்மாவும்



ஒரு வீட்டில் மரணம் நிகழ்ந்துவிடுகிறது. பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். சற்று நேரத்தில் பெரியவர் ஒருவர் சிவபுராணம் பாடத் தொடங்குகிறார். முதலாவது, பிரிந்தவருக்காக அழும் அழுகை. இரண்டாவது, இறைவனுக்காக ஏங்கும் ஆன்மாவின் குரல். இவை இரண்டும் வேறு வேறு அன்பா? அல்லது ஒரே அன்பின் இரு நிலைகளா?

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. விக்டோரியா மகாராணி இங்கிலாந்தை ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலத்துக் கவிஞர்களையும் அது வாட்டியது.

அவர்களில் ஒருவர் டென்னிசன். அவருடைய ஆருயிர் நண்பர் ஆர்தர் ஹாலம், கவிஞரின் தங்கைக்கு மணம் பேசப்பட்டிருந்தவர். 1833ஆம் ஆண்டு, 22 வயதிலேயே, அவர் வியன்னா நகரில் திடீரென்று இறந்துபோனார். டென்னிசன் 17 ஆண்டுகள் அந்தத் துயரத்தைச் சிறிது சிறிதாகப் பாடி, 1850இல் நூலாக வெளியிட்டார். பூமியின் வயதைப் பற்றி விஞ்ஞானிகள் கூறிய புதிய செய்திகள் பலருடைய நம்பிக்கையை ஆட்டிய காலம் அது. டென்னிசனும் ஐயத்தை மறைக்கவில்லை. ஆனால், இத்தனை ஆழமான அன்பு மண்ணோடு முடிந்துவிடாது என்ற முடிவுக்கு வந்தார். 1861இல் கணவரை இழந்த மகாராணியும் அந்த நூலிலே ஆறுதல் தேடினார்.

இன்னொருவர் ராபர்ட் பிரௌனிங். நோயாளியாக அறைக்குள் அடங்கிக் கிடந்த கவிஞர் எலிசபெத்தை அவர் காதலித்தார். தம் பிள்ளைகள் யாருமே மணம் செய்துகொள்ளக் கூடாதென்பவர் எலிசபெத்தின் தந்தை. ஆகவே 1846இல் இருவரும் இரகசியமாக மணந்து, இத்தாலி சென்றனர். 1861இல் எலிசபெத் காலமானார். அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்த பிரௌனிங் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மரணத்தை அஞ்சாமல் எதிர்கொண்டு, அதற்கு அப்பால் மனைவியின் ஆன்மாவைத் தழுவும் நம்பிக்கையை அவர் பாடினார்.

இனி நம் தமிழுக்கு வருவோம். பிரௌனிங்கின் கவிதை ஒன்றுக்கு விளக்கம் எழுதி 1897இல் வெளியிட்டவர் யார் தெரியுமா? நம் ஜி. யு. போப் பாதிரியார்தான்! 1839இல் தமிழகம் வந்து, தமிழைத் தம் உயிராக்கிக்கொண்டவர் அவர். முதுமையில், ஆக்ஸ்போர்டு நகரில், திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க முனைந்தார். முடிக்குமளவு ஆயுள் கிட்டுமோ என்று அவர் தயங்கியபோது, பெரிய பணியைக் கையில் வைத்திருப்பதே நீண்டு வாழும் வழி என்று தேற்றினார் நண்பர் ஜோவெட். 1900இல், போப்பின் 80ஆவது வயதில், நூல் வெளிவந்தது.

மாணிக்கவாசகரே திருக்கோவையாரும் பாடினார். அதன் 400 பாடல்கள் தலைவன் தலைவியின் காதலைச் சொல்கின்றன. அதையே சிவனுக்கும் ஆன்மாவுக்கும் உள்ள உறவாகக் கொள்வாரும் உண்டு. டென்னிசன் ஐயத்தோடு போராடித் தேடிய பாலத்தை, நம் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே காதல் பாட்டாகக் கட்டிவைத்தார்கள்.

ஆகவே அன்பர்களே, மனைவியிடம், நண்பனிடம், பிள்ளையிடம் நாம் வைக்கும் பாசம் ஆன்மாவுக்குப் பகையன்று, அதுவே முதற்படி. அடுத்த முறை துக்க வீட்டில் ஒப்பாரியையும் சிவபுராணத்தையும் கேட்கும்போது, இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.