ஏ சைடு, பி சைடு, டிசம்பர்

கேசட்டின் முதுகில் இரண்டு மூலையிலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும். பேனா மூடியின் கொக்கியால் ஒரு நெம்பு நெம்பினால் 'டக்' என்று உடைந்து விழும். உடைந்துவிட்டால் பிறகு அந்த சைடில் எதையும் பதிய முடியாது. டேப் ரெக்கார்டரின் சிவப்புப் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. யாரும் தெரியாத்தனமாகப் பாட்டை அழித்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கேசட்டோடு வாழ்ந்த தமிழ் ரசிகர்களுக்கு அது ஒரு முத்திரை. காலி கேசட் சும்மா வராது. அலுத்துப்போன பாட்டின் மேலேயே புதுப் பாட்டைப் பதிந்து பதிந்து காலம் தள்ளிய வீடுகளில், ஒரு கேசட்டின் பட்டையை உடைப்பதென்றால் 'இனி இதில் கை வைக்க மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது மாதிரி.

டிசம்பர் கடைசி வாரத்தில் அப்படிப் பட்டை உடைந்த கேசட்டுகளை எடுத்து வரிசையாக அடுக்கிப் பார்ப்பதும், கடைக்காரர் கொடுத்த டைரியின் கடைசிப் பக்கத்தில் அந்த ஆண்டின் பிடித்த ஆல்பங்களை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதுவதும் பல ரசிகர்களுக்குப் பழக்கமாக இருந்தது. பக்கத்திலேயே பால் கணக்கு இருக்கும். ஊருக்குப் போன பஸ் டிக்கெட் செருகியிருக்கும். பட்டியலும் அந்தக் கணக்குகளின் சாயலிலேயே இருக்கும். பாட்டைத் தரம் பிரிப்பதாக நினைத்துக்கொண்டு எழுதினாலும், அந்த ஆண்டில் தான் எங்கே நின்றோம், யாரோடு இருந்தோம் என்பதைத்தான் ரசிகர் எழுதிவைக்கிறார்.

ஆல்பம் என்ற சொல்லே ஒரு புத்தகத்திலிருந்து வந்ததுதான். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் பாட்டு கொள்ளும். நீளமான இசையைக் கேட்க வேண்டுமென்றால் பல தட்டுகள் வேண்டும். அவற்றை உறை உறையாகச் செருகி, புகைப்பட ஆல்பம் போலவே அட்டை கட்டி விற்றார்கள். 1948-ல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று எல்.பி. தட்டைக் கொண்டுவந்து, அந்தப் புத்தகம் முழுவதையும் ஒரே தட்டில் அடக்கியது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1963-ல் பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஓட்டன்ஸ் என்ற பொறியாளரின் தலைமையில் உருவான கேசட் அதையும் சட்டைப் பைக்குள் கொண்டுவந்துவிட்டது.

கேசட் வந்த பிறகுதான் நம் ஊர்களில் இசை சொந்தச் சரக்கானது. எல்.பி. தட்டு வசதியான வீட்டுக் கூடத்தில் இருந்தது. ரெக்கார்டிங் கடையோ பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், டீக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில் பாட்டுப் பெயர்களை எழுதிக்கொண்டு போவார்கள். "தம்பி, அறுபதுல போடவா, தொண்ணூறுல போடவா?" என்பதுதான் கடைக்காரரின் முதல் கேள்வி. விவரம் தெரிந்த ரசிகர் "அறுபதே போடுங்கண்ணே" என்பார். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் நாடா மெலிசு. வெயில் காலத்தில் ரோலரில் சுற்றிக்கொண்டால், பென்சிலை விட்டுத் திருகித் திருகித்தான் மீட்க வேண்டும். அறுபதில் சைடுக்கு முப்பது நிமிடம். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வீதம் ஓடுகிற நாடாவில் அது ஏறத்தாழ 86 மீட்டர். அந்த 86 மீட்டருக்குள் ஆறு பாட்டா, ஏழு பாட்டா என்று கணக்குப் போட்டு, கடைசிப் பாட்டின் சரணம் பாதியில் அறுந்துபோகாமல் அடுக்குவது ஒரு கலை. அறுந்துபோன பாட்டை ஆயுசுக்கும் அறுந்த இடம் வரைக்குமே பாடிப் பழகியவர்கள் இருக்கிறார்கள்.

இப்படியொரு ஆண்டுப் பட்டியலை எழுதிப் பார்க்கத் தோதான ஆண்டு 1992. எந்தக் கேசட்டின் பட்டையை உடைப்பது என்று ரசிகர்கள் அவ்வளவு திணறிய ஆண்டு தமிழில் அதிகமில்லை. பொங்கலுக்கு இளையராஜாவின் இசையில் 'மன்னன்'. ரஜினிகாந்தே ஒரு பாட்டைப் பாடியிருந்தார். ஆனால் தாயைப் பற்றி யேசுதாஸ் பாடியதுதான் வீடுகளில் நிலைத்தது. அதே ஆண்டு 'சிங்காரவேலன்', 'நாடோடித் தென்றல்', 'மீரா'. ஜூனில் தேவாவின் 'அண்ணாமலை'. ரஜினியின் பெயர் எழுத்து எழுத்தாகத் திரையில் வரும்போது ஒலிக்கிற அந்த இசை அந்தப் படத்தில்தான் தொடங்கியது. ஆடி மாதக் கோயில் கொடைகளில் ரேடியோ செட் கட்டியவர்கள் குழாய்களை நான்கு திசைக்கும் திருப்பிவைத்து 'அண்ணாமலை'யைப் போட்டார்கள். கே. பாலசந்தரின் 'வானமே எல்லை'க்கு மரகதமணி இசையமைத்தார். தெலுங்கில் கீரவாணி என்று அறியப்பட்ட அவரேதான் 2023-ல் ஆஸ்கர் மேடை ஏறியவர். எம்.எஸ். விஸ்வநாதனும் இளையராஜாவும் சேர்ந்து இசையமைத்த 'செந்தமிழ்ப் பாட்டு'ம் அந்த ஆண்டுதான்.

ஆகஸ்ட் 15-ல் 'ரோஜா' வந்தது.

ஏ.ஆர். ரகுமானுக்கு அப்போது வயது 25. கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்ந்த பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான அந்தப் பாட்டுகளில் ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக, துடைத்து வைத்தது போல் கேட்டது. மின்மினியின் குரல் காதுக்குப் பக்கத்தில் வந்து பாடியது. ஹரிஹரன் தமிழில் பாட வந்தது இந்தப் படத்தில்தான். சாதாரண டேப் ரெக்கார்டரிலேயே அடியில் ஓடுகிற பேஸ் கிடாரைப் பலர் முதன்முதலில் கவனித்தார்கள். 2005-ல் அமெரிக்காவின் டைம் இதழ் வெளியிட்ட பத்துச் சிறந்த திரையிசைகளின் பட்டியலில் 'ரோஜா'வும் இருந்தது. ஆனால் அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, டவுன் பஸ் டிரைவர்கள் அதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள்.

தீபாவளிக்கு 'தேவர் மகன்' வந்து கணக்கைக் கலைத்தது. வாலியின் வரிகளில் இளையராஜா மண்ணின் மெட்டுகளை அப்படியே எடுத்து வைத்திருந்தார். ரேவதிக்காக எஸ். ஜானகி வெட்கத்தோடு தொடங்கிப் பாடிய பாட்டுக்குத் தேசிய விருது கிடைத்தது. சிறந்த இசையமைப்பாளர் விருதுக்கு 'ரோஜா'வும் 'தேவர் மகனு'ம் நேருக்கு நேர் மோதின; வாக்குகள் சரிசமமாக விழுந்தபோது, நடுவர் குழுவின் தலைவராக இருந்த பாலு மகேந்திரா ரகுமானைத் தேர்ந்தெடுத்தார் என்பது திரையுலகில் பலமுறை பேசப்பட்ட செய்தி. விருதுக் குழுவுக்கே அந்தத் திண்டாட்டம் என்றால், டைரியும் பேனாவுமாக உட்கார்ந்த ரசிகர் என்ன செய்வார்?

செய்வதற்கு ஒரு வழி இருக்கிறது. நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் வார இதழ் ஆண்டுதோறும் இசை விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்திவந்தது. அதை நடத்தியவர் ராபர்ட் கிறிஸ்ட்காவ். 1971-ல் தொடங்கி, 1974-லிருந்து ஆண்டு தவறாமல் நடந்தது. விதி எளிது. ஒவ்வொரு விமர்சகரும் பத்து ஆல்பங்களைத் தேர்ந்தெடுத்து, மொத்தம் 100 மதிப்பெண்ணை அவற்றுக்குள் பிரித்துக் கொடுக்க வேண்டும். எதற்கும் 5-க்குக் குறையக் கூடாது, 30-க்கு மேல் போகக் கூடாது. வெறுமனே ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்துவதைவிட இது பன்மடங்கு நேர்மையானது. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையில் இருப்பது ஒரு மயிரிழையா, ஒரு மலையா என்பது எண்ணிலேயே தெரிந்துவிடும். 1992-க்கு இதைப் போட்டுப் பார்க்கிறவர் 'ரோஜா'வுக்கு 30 கொடுத்துவிட்டு 'தேவர் மகனு'க்கு 20 என்று எழுதக் கை வராமல் தவிப்பார். ஆளுக்கு 25 கொடுத்துவிட்டு மிச்சமிருக்கிற 50-ஐ எட்டுப் படத்துக்குப் பங்கிடும்போதுதான், 'வானமே எல்லை'யைத் தான் எவ்வளவு கேட்டிருக்கிறோம் என்பது அவருக்கே தெரியவரும்.

ஒரே ஆள் தனியாகப் போடுகிற பட்டியல் இப்படி. ஊரே சேர்ந்து போட்ட பட்டியலும் இங்கே உண்டு. 1952-ல் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களின் நேரம் சுருங்கிப்போயிருந்தது. அப்போதைய அமைச்சர் பி.வி. கேஸ்கருக்கு அவற்றில் விருப்பமில்லை. அந்த இடைவெளியில் இலங்கை வானொலி புகுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமீன் சயானியின் குரலில் 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. வாரா வாரம் புதன்கிழமை இரவு இந்திப் பாட்டுகள் படிப்படியாக ஏறி வரும். ஆண்டின் முடிவில் அந்த ஆண்டு முழுவதற்குமான வரிசை வரும். இசைத்தட்டு விற்பனையும் நேயர் மன்றங்களின் கடிதங்களும்தான் கணக்கு. இதே இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் மயில்வாகனனும், கே.எஸ். ராஜாவும், பி.எச். அப்துல் ஹமீதும் தமிழ்நாட்டுக் கரையோர ஊர்களின் காலைகளையும் மாலைகளையும் ஆண்டார்கள். ஒரு பாட்டு மேலே ஏறினால், ஏற்றிவிட்டதில் தன் அஞ்சலட்டைக்கும் பங்கு உண்டு என்ற உரிமை நேயருக்கு இருந்தது.

இன்று அந்த அஞ்சலட்டைக்கு வேலை இல்லை. 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை இசைச் செயலி, ஆண்டு முடிவில் 'ராப்ட்' என்ற பெயரில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியலை நீட்டுகிறது. உலக அளவில் அந்தப் பெயர் 2016-லிருந்து இருக்கிறது. எந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டீர்கள், எத்தனை நிமிடம் கேட்டீர்கள் என்று வண்ண வண்ணமாகக் காட்டும். லட்சக்கணக்கானவர்கள் அதைப் பகிர்ந்து மகிழ்கிறார்கள். அந்த மகிழ்ச்சி உண்மையானது. கணக்கிலும் பொய் இல்லை. ஆனால் செயலி எண்ணுவதற்கும் ரசிகர் எண்ணுவதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 நொடி ஓடிவிட்டால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. குழந்தையைத் தூங்கவைக்க ராத்திரி முழுக்க ஓடவிட்ட தாலாட்டும் கணக்கு. உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்பது முறை ஓடிய குத்துப்பாட்டும் கணக்கு. ஒருவர் துக்க வீட்டிலிருந்து திரும்பி வருகிற ரயிலில் ஒரே ஒரு முறை கேட்டு, பிறகு கேட்கத் துணிவில்லாமல் ஒதுக்கிவைத்த பாட்டு அதில் ஒன்று என்று மட்டுமே பதிவாகும். டைரியில் அதுதான் முதலில் இருக்கும்.

அதைவிடப் பெரிய மாற்றம் ஆல்பம் என்ற பொதியே பிரிந்துபோனது. இப்போது படத்தின் பாட்டுகள் ஒவ்வொன்றாக, மாத இடைவெளியில் வருகின்றன. முதல் பாட்டு பழசாகும்போது மூன்றாவது பாட்டு பிறக்கிறது. கேசட்டில் அப்படி முடியாது. ஏ சைடில் ஒரு படம், பி சைடில் வேறொரு படம் என்று இரண்டு படப் பாட்டுகளைச் சேர்த்துப் போடுவது வழக்கம். ஒன்றைக் கேட்டு முடித்தால் மற்றதுக்குத்தான் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் 'ரோஜா', மறுபக்கம் 'செந்தமிழ்ப் பாட்டு' என்று பதிந்து வாங்கியவருக்கு இன்றைக்கும் அந்த இரண்டும் ஒரே படம் மாதிரிதான். ஹரிஹரன் முடிந்ததும், அடுத்து விஸ்வநாதனின் மெட்டுக்காக மனம் தயாராகிவிடும். தேடிப் போகாத பாட்டு இப்படித்தான் ஒருவருக்குள் வந்து குடியேறியது. இன்று அந்த வாய்ப்பு அடியோடு போய்விடவில்லை. 2018-ல் கோவிந்த் வசந்தா இசையமைத்த '96' வந்தபோது, பாட்டைத் தாவாமல் முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் கேட்டவர்கள் நிறையப் பேர். வயலின் ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போவது போல் அது அமைந்திருந்தது.

ஆண்டுப் பட்டியலில் இன்னொரு சிக்கல், எந்த ஆண்டு என்பது. 1986-ல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். சினிமா இல்லை, பாடகர் இல்லை. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாகச் செய்த இசை. வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதில் நடுநாயகம். படத்தோடு வராததால் அது பல ஊர்களுக்கு மெதுவாகத்தான் போய்ச் சேர்ந்தது. நண்பரிடமிருந்து நண்பருக்கு, பதிவுக்கு மேல் பதிவாக. மூன்றாவது, நான்காவது பதிவில் நாடாவின் இரைச்சலும் சேர்ந்தே கேட்கும். அதை 1991-ல் முதன்முதலாகக் கேட்டவருக்கு அது 1991-ன் ஆல்பம்தான். வெளியான ஆண்டைப் பார்த்துத் தள்ளிவைத்தால் பட்டியல் ஒழுங்காக இருக்கும். ஆனால் அது அவருடைய பட்டியலாக இருக்காது.

பழைய கேசட்டுகள் இப்போது பரண்களிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கின்றன. நாடாவைக் கணினிக்கு மாற்றித் தருகிறவர்களிடம் பைநிறையக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பட்டை உடைந்த கேசட்டுகளில் சிலவற்றில் அந்த ஓட்டையின் மேல் செல்லோ டேப் ஒட்டியிருக்கும். பட்டையை உடைத்தவரே பிற்பாடு மனம் மாறினால் அப்படித்தான் செய்வார். ஓட்டையை அடைத்துவிட்டால் சிவப்புப் பட்டன் மறுபடி இறங்கும். ஓடவிட்டால் 'தேவர் மகன்' பாட்டு ஒன்று பல்லவி முடிந்து சரணத்துக்குப் போகும். நடுவில் 'கடக்' என்று ஒரு சத்தம். ஒரு குழந்தை முழுதாக வாய் திரும்பாமல் தன் பேரைச் சொல்லும். "இன்னொரு தடவ சொல்லு கண்ணு" என்று ஒரு பெண் குரல் கேட்கும். குழந்தை சிரிக்கும். மறுபடி ஒரு 'கடக்'. பாட்டு, விட்ட இடத்துக்கு நெடுந்தூரம் தள்ளி, கடைசிச் சரணத்தில் தொடரும்.